சிக்னல் மேல் விழுந்த பழி: ஒரு டிரோன் விபத்தைத் துருவிப் பார்த்தது

டிரோன் எங்கே விழுந்தாலும் முதலில் வருகிற காரணம் ஒன்றுதான்: சிக்னல் கட் ஆயிடுச்சு. நட்டு கழன்றிருந்தாலும் சிக்னல், பேட்டரி தீர்ந்திருந்தாலும் சிக்னல். கண்ணுக்குத் தெரியாததால் அதன் மேல் பழி போடுவது சுலபம். கோவையில் என் பட்டறைக்கு இறுதியாண்டு மாணவர்கள் சிலர் கொண்டுவந்த குவாட்காப்டரும் (நான்கு மோட்டார் டிரோன்) இதே பேச்சோடுதான் வந்தது. "நல்லா பறந்துட்டு இருந்துச்சுங்ண்ணா. திடீர்னு சிக்னல் போயி அப்படியே கவுந்துடுச்சு. லேப்டாப்லயும் லிங்க் போச்சுன்னு காமிச்சுது." வேறு நல்ல ரிசீவர் போட்டுக் கொடுத்தால் போதும், அவ்வளவுதான் அவர்கள் கேட்டது.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பில் தென்னை மரங்களை மேலிருந்து படமெடுத்து எண்ணுவது அவர்கள் புராஜெக்ட். வண்டி நம் ஊர்க் கல்லூரிகளில் வழக்கமாகப் பார்ப்பதுதான். எஃப்450 ஃபிரேம், ஏ2212 1000 கேவி மோட்டார் நான்கு, மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் 30 ஆம்பியர் ஈஎஸ்சி, 10 அங்குல 1045 புரொப்பெல்லர், 3 செல் லிப்போ, பறப்பைக் கட்டுப்படுத்தும் பிக்ஸ்ஹாக் 2.4.8 போர்டில் ஆர்டுபைலட் மென்பொருள். கையில் ஆறு சேனல் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட். லேப்டாப்புக்குத் தகவல் வர 433 மெகாஹெர்ட்ஸ் டெலிமெட்ரி. மோட்டாரைத் தாங்கும் முன்பக்க வலது கை அடியோடு முறிந்திருந்தது. அந்த மோட்டாரின் தண்டு வளைந்திருந்தது. மற்றதெல்லாம் மண் அப்பியிருந்ததே தவிர, பெரிய சேதமில்லை.

ரிசீவரைத் தொடவில்லை. முதலில் எஸ்டி கார்டைக் கழற்றி, பறப்பு முழுதும் பதிவாகியிருக்கும் லாக்கை எடுத்தேன்.

மிஷன் பிளானர் மென்பொருளில் லாக்கைத் திறந்ததும் நான் பார்ப்பது அது எங்கே முடிகிறது என்பதைத்தான். ஆகாயத்தில் இருக்கும்போதே பட்டென்று நின்றிருந்தால் போர்டுக்கு மின்சாரம் போயிருக்கிறது என்று அர்த்தம். பேட்டரி கனெக்டர், பவர் மாட்யூல் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். இங்கே உயரக் கோடு 25 மீட்டரிலிருந்து சரிந்து தரைக்கு வந்து, அதற்கப்புறமும் சற்று நேரம் ஓடி, 'கிராஷ்: டிஸ்ஆர்மிங்' (விழுந்தாயிற்று, மோட்டார்களை நிறுத்துகிறேன்) என்ற செய்தியோடு முடிந்திருந்தது. வோல்டேஜ் 11-க்குக் கீழே இறங்கவே இல்லை. மின்சாரம் கணக்கிலிருந்து கழிந்தது.

அடுத்தது ஆர்சி-இன். ரிமோட்டிலிருந்து வந்த ஒவ்வொரு ஸ்டிக்கின் அளவும் இதில் பதிவாகும். சிக்னல் போயிருந்தால் இங்கே தெரிந்தாக வேண்டும். தெரிந்தது வேறு. டிரோன் சாயத் தொடங்கிய அரை நொடிக்கெல்லாம், மேலே தூக்கச் சொல்லும் த்ராட்டில் கோடு நடுவிலிருந்து உச்சத்துக்கு ஏறுகிறது. பக்கவாட்டில் சாயச் சொல்லும் ரோல் கோடு இடது ஓரத்துக்குப் போய் முட்டுகிறது. ஓட்டிய பையன் பதறிப்போய் இரண்டு ஸ்டிக்கையும் இழுத்திருக்கிறான். அந்தப் பதற்றம் முழுதும், தரையில் மோதும் வரை, விடாமல் ரிசீவருக்கு வந்து சேர்ந்து லாக்கில் ஏறியிருக்கிறது. ஓட்டியவன் கை சொன்னது டிரோனின் காதில் விழுந்தது, அதனால் செய்யத்தான் முடியவில்லை. லேப்டாப் 'லிங்க் போச்சு' என்று சொன்னது உண்மைதான். ஆனால் அது மோதிய பிறகு, டெலிமெட்ரி ஆன்டெனா மண்ணுக்குள் போனதால் வந்த செய்தி. நேரத்தை வரிசைப்படுத்திப் பார்த்தால் விழுந்தது முன்னால், சிக்னல் போனது பின்னால்.

இனி ஆர்சி-அவுட். போர்டு நான்கு மோட்டாருக்கும் கொடுத்த கட்டளை இது. ஆர்டுபைலட்டின் எக்ஸ் வடிவக் குவாட்டில் முன் வலது 1, பின் இடது 2, முன் இடது 3, பின் வலது 4. நான்கு கோடும் நடுமட்டமான 1500-ஐ ஒட்டி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு போகின்றன. ஒரு கணத்தில் 1-ஆம் கோடு எகிறி உச்சத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதற்கு நேர் எதிர் மூலையான 2 அடிமட்டத்துக்கு இறங்குகிறது. அதாவது முன் வலது மூலை தொங்குகிறது, போர்டு அந்த மோட்டாரை 'இன்னும் சுத்து, இன்னும் சுத்து' என்று விரட்டுகிறது, எதிர் மூலையை அடக்கிப் பார்க்கிறது. பலன் இல்லை. ஸ்டிக் கேட்டது இடப்பக்கச் சாய்வு, நடந்த சாய்வோ வலப்பக்கம் தொண்ணூறு டிகிரியைத் தாண்டிவிட்டது. குவாட்காப்டரில் ஒரு மூலையின் தூக்கு விசை போனால் சாதாரண மென்பொருளால் ஒன்றும் செய்ய முடியாது. ஆறு மோட்டார் உள்ள ஹெக்ஸாவாக இருந்தால் பிழைக்க வாய்ப்புண்டு.

இதே கோலத்தை ஈஎஸ்சி தடுமாறி மோட்டார் நின்றாலும் பார்க்கலாம், மோட்டார் வயர் விட்டுப்போனாலும் பார்க்கலாம். எது என்று பிரித்துக் காட்டுவது வைப்ரேஷன் பதிவு. மோட்டார் வெறுமனே நின்றுபோனால் அதனால் வரும் அதிர்வு அதிகமாகாது. இங்கே 1-ஆம் கோடு எகிறிய அதே கணத்தில் அதிர்வு செங்குத்தாக ஏறி, ஆக்சிலரோமீட்டர் அளக்க முடியாத அளவுக்கு முட்டி, கிளிப்பிங் எண்ணிக்கை ஓட ஆரம்பித்திருக்கிறது. ஆர்டுபைலட் ஆட்கள் சொல்லும் கணக்கில் அதிர்வு 30-க்குள் இருந்தால் நல்லது, 60-க்கு மேல் போனால் தொல்லை. இது 60-ஐ எங்கோ விட்டுவிட்டுப் போயிருந்தது. மோட்டார் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதன் தலையில் ஒரு பக்கம் மட்டும் எடை இருக்கிறது. ஒரு இறக்கை மட்டும் போயிருக்கிறது.

புரொப்பெல்லர் இறக்கை லேசான பிளாஸ்டிக், அது பிய்ந்தால் இவ்வளவா என்று பசங்க நம்பவில்லை. பேப்பரில் போட்டுக் காட்டினேன். இந்த 1045-இல் ஒரு இறக்கை ஏறத்தாழ 6 கிராம். எடையின் மையம் அச்சிலிருந்து 5 செ.மீ. தள்ளி என்று வைப்போம். நிமிடத்துக்கு 6000 சுற்று, அதாவது நொடிக்கு 100. அந்த ஆறு கிராம் வெளியே பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும் விசை சுமார் 12 கிலோ. இரண்டு இறக்கையும் இருக்கும்போது அந்தப் பக்கம் 12, இந்தப் பக்கம் 12 என்று, இரண்டும் சேரும் நடுப்பகுதியான ஹப்புக்குள்ளேயே சமன் ஆகிவிடும். ஒன்று போனால் மிச்சமுள்ள 12 கிலோவும் நொடிக்கு நூறு முறை மோட்டாரையும் கையையும் சுற்றிச் சுற்றி இழுக்கும். கை முறிந்தது தரையில் மோதியதாலா, அதற்கு முன்பே விரிசல் விட்டதாலா என்று லாக்கை வைத்துச் சொல்ல முடியாது.

சரி, இறக்கை எங்கே? டிரோனோடு வந்த பையில் இல்லை. விழுந்த இடத்திலேயே தேடியிருக்கிறார்கள், கிடைக்கவில்லை. கிடைக்காது. லாக்கில் ஜிபிஎஸ் பாதை இருக்கிறது. அதிர்வு ஏறிய கணத்தில் டிரோன் இருந்த புள்ளியை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனோம். தோப்புக்காரர் வரப்பில் நின்று, "ஏனுங் தம்பி, மறுக்காவும் விழுகறதுக்கா வந்திருக்கீங்க?" என்றார். அந்தப் புள்ளியைச் சுற்றிக் காய்ந்த மட்டைகளுக்கு நடுவே தேடியதில் இறக்கை அகப்பட்டது. டிரோன் விழுந்த இடத்திலிருந்து அது நன்றாகத் தள்ளி, வந்த வழியில் கிடந்தது. தரையில் மோதி உடைந்திருந்தால் அங்கே போயிருக்க வழியில்லை. உடைந்தது ஆகாயத்தில்தான்.

முறிந்த வாயை லென்ஸ் வைத்துப் பார்த்தால் இரண்டு நிறம். ஹப்பை ஒட்டிய பாதி மங்கலாக, அழுக்கேறி இருக்கிறது. மறு பாதி புத்தம் புதிதாகப் பளபளக்கிறது. பழைய விரிசல் பாதி வரை வந்து காத்திருந்து, மீதி அன்றைக்குப் போயிருக்கிறது. அழுக்கேறிய பகுதியின் ஓரத்தில் நீலமாக ஒரு படலம். திருகு கழலாமல் இருக்கப் போடுகிற நீல நிற த்ரெட் லாக்கர்.

அதன் கதையையும் கேட்டேன். முன்பு ஒருமுறை தரையிலேயே 3-ஆம் மோட்டாரின் கூம்பு நட்டு கழன்று புரொப்பெல்லர் பறந்திருக்கிறது. யாரோ த்ரெட் லாக்கர் போடச் சொல்ல, நான்கு நட்டுக்கும் தாராளமாக ஊற்றி, கூம்பின் துளையில் ஸ்குரூடிரைவரை நுழைத்து முடிந்த மட்டும் முறுக்கியிருக்கிறார்கள். விலை குறைந்த 1045 பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக். ஏபிஎஸ், பாலிகார்பனேட் இரண்டுக்கும் இந்த ரசாயனம் ஆகாது. இறுக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் மேல் பட்டால் மயிரிழை விரிசல் விடும். முறுக்கிய விசை ஒரு பக்கம், ரசாயனம் ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்த ஹப்பின் மேல் மேலே சொன்ன 12 கிலோ.

இதில் வேடிக்கை, 1-ஆம் மோட்டாருக்கு அந்த மருந்தே தேவையில்லை. இந்த மோட்டாரோடு வந்த நான்கு தண்டிலும் மரை ஒரே பக்கம், வலது மரை. 1, 2 மோட்டார்கள் மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றுகின்றன. காற்று புரொப்பெல்லரை எதிர்ப்பக்கம் தள்ளும்போது நட்டு தானாகவே இறுகும். 3, 4 வலஞ்சுழி. அங்கே அதே காற்று நட்டைக் கழற்றப் பார்க்கும். அதனால்தான் 3 கழன்றது. 3, 4-க்கு இடது மரைத் தண்டோ, உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டோ போட்டிருந்தால் வேலை முடிந்தது. கழலவே வாய்ப்பில்லாத மூலைக்கும் சேர்த்து வைத்தியம் பார்த்ததில், அந்த மூலைதான் போனது.

மீதி மூன்று புரொப்பெல்லரும் பார்வைக்கு நன்றாக இருந்தன. நம்பவில்லை. சிவப்பு ஸ்கெட்ச் பேனா மையை ஹப் முழுக்கத் தடவி, கொஞ்சம் விட்டு, ஈரத் துணியால் துடைத்தேன். நல்ல பிளாஸ்டிக்கில் மை போய்விடும். விரிசலுக்குள் இறங்கியது போகாது. இரண்டில் துளையிலிருந்து இறக்கை அடிவரை சிவப்பாக ஒரு கோடு நின்றது. மூன்றாவதில் ஒன்றும் தெரியவில்லை, இருந்தாலும் நான்கையும் கத்தரித்துக் குப்பையில் போட்டேன். முழுசாகப் போட்டால் எவனாவது எடுத்து மாட்டிவிடுவான்.

புரொப் உடைவதும் ரேடியோ போவதும் இப்படிக் குழம்பிக் கிடப்பது கல்லூரிப் புராஜெக்ட்டுகளில் மட்டுமல்ல. செவ்வாயில் பறந்த நாசாவின் இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டரோடு 2024 ஜனவரி 18 அன்று தன் 72-ஆவது பறப்பில் இறங்கும்போது தொடர்பு அறுந்தது. அங்கேயும் முதலில் கண்ணில் பட்டது சிக்னல்தான். பிறகு நடந்த ஆய்வு சொன்னது வேறு. கீழே அடையாளமே இல்லாத மணல் அலைகளைப் பார்த்து வழிகாட்டும் கேமரா தடுமாறியிருக்கிறது. சரிவில் வேகமாக இறங்கியதில் இறக்கைகள் நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் முறிந்திருக்கின்றன. அந்த அதிர்வில் ஒரு இறக்கை அடியோடு பிய்ந்து, மின்சாரத் தேவை எகிறி, அதனால் தொடர்பு போயிருக்கிறது. ஐந்து பறப்புக்காக அனுப்பியது 72 வரை பறந்தது வேறு கதை.

இத்தோடு நின்றிருந்தால் சிக்னல் சுத்தமானது என்று சொல்லிப் பசங்களை அனுப்பியிருப்பேன். கார்டில் பழைய லாக்குகளும் இருந்தன. அவற்றையும் ஓட்டிப் பார்த்தேன், இரண்டு விஷயம் கிடைத்தது. ஒன்று, அதிர்வு பறப்புக்குப் பறப்பு மெல்ல ஏறி, விழுவதற்கு முந்தையதில் 40-ஐத் தொட்டிருக்கிறது. புரொப்பெல்லர் முன்கூட்டியே சொல்லியிருக்கிறது, கேட்க ஆளில்லை. இன்னொன்று ரேடியோ பற்றியது. அது நல்ல செய்தியல்ல.

ஸ்டிக்கைப் பிடித்திருக்கும் மனிதக் கை ஒருபோதும் அசையாமல் இருக்காது. லாக்கில் ரோல் கோடு எப்போதும் நாலைந்து எண் மேலும் கீழுமாக நடுங்கும். தோப்பின் தெற்கு மூலைக்கு டிரோன் போன பறப்புகளில் அந்தக் கோடு 1640-இல், நடுவிலிருந்து தள்ளி, ஓரெண் பிசகாமல் ஒன்றரை இரண்டு நொடி நேர்க்கோடாக நிற்கிறது. அதே நேரத்தில் மற்ற சேனல்களும் உறைந்திருக்கின்றன. பிறகு எல்லாம் ஒன்றாகத் துள்ளி வேறு எண்ணுக்குப் போகின்றன. சிக்னல் போய்ப் போய் வந்திருக்கிறது. ரிசீவர் கடைசியாகக் கேட்டதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. போர்டுக்கு இணைப்பு நன்றாக இருப்பதாகத்தான் தெரியும். சிக்னல் போனால் தானாகப் பொறுப்பெடுக்க வேண்டிய ஃபெயில்சேஃப் ஒருமுறைகூட வேலை செய்யவில்லை, ஏனென்றால் ரிமோட்டில் அதை யாரும் அமைக்கவே இல்லை. முன்னால் தள்ளிய ஸ்டிக்கோடு சிக்னல் ஒரேயடியாகப் போயிருந்தால் டிரோன் பேட்டரி தீரும்வரை முன்னாலேயே போயிருக்கும்.

ஆன்டெனாவைப் பார்த்தேன். இந்த வகை ரிசீவரில் இரண்டு மெல்லிய கோஆக்ஸ் வயர். வேலை செய்வது முழு வயரல்ல, நுனியில் தோல் உரித்த 31 மி.மீ. மட்டும்தான். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.5 செ.மீ., அதில் கால்பங்கு அது. மீதி வெறும் குழாய். ஒரு வயரின் நுனி பேட்டரிக்கு அடியில் அழுத்திக் கிடந்தது. இன்னொன்று பவர் வயர்களோடு சேர்த்து டேப் சுற்றிக் கட்டியிருந்தது. இரண்டு ஆன்டெனா வைப்பதே ஒன்று பார்க்காத திசையை மற்றொன்று பார்க்கட்டும் என்றுதான். இங்கே இரண்டுமே எதையும் பார்க்கவில்லை. போதாததற்கு, பசங்க எடுத்த வீடியோவில் ஓட்டுபவன் ரிமோட்டின் ஆன்டெனாவைத் துப்பாக்கி மாதிரி டிரோனை நோக்கி நீட்டியிருக்கிறான். குச்சி ஆன்டெனாவின் நுனித் திசையில்தான் வீச்சு மிகக் குறைவு. பக்கவாட்டில்தான் பலம். அதை மடக்கி நிமிர்த்தி வைக்கச் சொன்னேன்.

வேலையை ஆரம்பித்தேன். புதுக் கை, புது மோட்டார். வளைந்த தண்டைத் தட்டி நிமிர்த்துவதெல்லாம் வேண்டாத வேலை, பேரிங் போயிருக்கும். நான்கு ஈஎஸ்சியையும் மறுபடி காலிபரேட் செய்தேன். புதுப் புரொப்பெல்லர்களைக் காந்த பேலன்ஸரில் போட்டு, கனமான இறக்கையின் பின்பக்கத்தை நைசான உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்தினேன். நுனியில் 0.1 கிராம் கூடுதல் இருந்தாலே அந்த வேகத்தில் அரைக் கிலோ இழுவை. பொறுமை வேண்டிய வேலை, ஆனால் இதைத் தவிர்த்துவிட்டு மென்பொருள் ஃபில்டரை நம்புவது எனக்குப் பிடிக்காது. 3, 4-க்கு நைலாக் நட்டு. த்ரெட் லாக்கர் இனி மோட்டாரைக் கையோடு பிணைக்கும் உலோகத் திருகுக்கு மட்டும்.

ரிசீவர் மாற்றவில்லை, அதே ரிசீவர்தான். ஆன்டெனா நுனிகளைச் சின்ன கேபிள் டையில் ஹீட் ஷ்ரிங்க் போட்டுப் பிடித்து, பின் இரண்டு கைகளிலிருந்து ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் வெளியே நீட்டினேன். ஃபெயில்சேஃப் அமைப்பதில் ஒரு சின்னத் தந்திரம் உண்டு. ஆர்டுபைலட், த்ராட்டில் 975-க்குக் கீழே போனால்தான் சிக்னல் போனதாக எடுத்துக்கொள்ளும். ஸ்டிக் அடியில் இருந்தாலே 1000 பக்கம்தான் வரும். அதனால் ரிமோட்டில் த்ராட்டிலின் கீழ் எல்லையை 120 சதவீதமாக நீட்டி, ஸ்டிக்கை அடியில் வைத்து, 900 பக்கம் வருவதை ஃபெயில்சேஃப் மதிப்பாகப் பதிவு செய்து, பிறகு எல்லையைப் பழையபடி 100-க்குக் கொண்டுவர வேண்டும். புரொப்பெல்லரைக் கழற்றி வைத்துவிட்டு ரிமோட்டை அணைத்துப் பார்த்தோம். மிஷன் பிளானரில் சிவப்பாக ரேடியோ ஃபெயில்சேஃப் என்று வந்தது. இந்தச் சோதனையைப் புரொப் மாட்டிக்கொண்டு செய்பவர்களும் இருக்கிறார்கள். விரல் பத்திரம்.

இன்னொரு கண்ணி ஆர்டிஎல்லில், அதாவது தானாக வீடு திரும்பும்போது பறக்கும் உயரத்தில், இருந்தது. சிக்னல் போனால் வீடு திரும்பு என்று வைத்தால், ஆர்டுபைலட் தானாக எடுத்துக்கொள்ளும் உயரம் 15 மீட்டர். மைதானத்துக்கு அது போதும். நெட்டை ரகத் தென்னை 20 மீட்டரைத் தாண்டும். தாழப் பறக்கும்போது சிக்னல் போனால் டிரோன் சொன்னபடி 15 மீட்டருக்கு ஏறி, நேராக ஓலைகளுக்குள் புகுந்து வீடு திரும்பப் பார்க்கும். அதை 35-ஆக மாற்றினேன். இது மைக்ரோ வகை எடை, 2 கிலோவுக்குள். இந்திய விதிப்படி, முன் அனுமதி வேண்டாத பச்சை மண்டலத்தில் 400 அடி வரை இடமிருக்கிறது, 35 மீட்டருக்கு யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. சட்டப்படி செய்ய வேண்டியதெல்லாம் முடிந்ததா என்று கேட்டேன், பசங்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதை முடித்துவிட்டு வந்த பிறகுதான் சோதனைக்குக் கிளம்பினோம்.

புது ஆன்டெனாவோடு பறந்த லாக்கில் அதிர்வு 15 பக்கம் நின்றது. உறைந்த கோடுகள் தோப்பின் மூன்று பக்கத்தில் அடியோடு இல்லை. தெற்கு மூலையில் மட்டும் குட்டியாக ஓரிரு இடத்தில் இன்னும் தெரிந்தது. அது ரிசீவர் கோளாறல்ல. 300 மீட்டர் தூரத்துக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுத்தமாகப் போக, நேர்க்கோட்டுக்கு நடுவழியில் சுற்றிலும் மூன்று மீட்டர் திறந்திருக்க வேண்டும். வடக்கு வரப்பில், தரையில் நின்றுகொண்டு பார்த்தால் அந்த இடம் முழுக்க ஓலை, அதுவும் நீர் நிறைந்த பச்சை ஓலை. ஒரு பையன் கேட்டான், "அப்போ பவர் கூடின ரிமோட் வாங்கிடலாங்களாண்ணா?" திறந்த வெளியில் தூரத்தை இரண்டு மடங்காக்கவே 6 டெசிபல், அதாவது நான்கு மடங்கு பவர் வேண்டும். ஓலைக்குள் இன்னும் அதிகம். காசு இருந்தால், நெடுந்தூரத்துக்கென்றே உள்ள லோரா வகையில் வேலை செய்யும் எக்ஸ்பிரஸ் எல்ஆர்எஸ்ஸுக்குப் போகலாம். மிக மெலிந்த சிக்னலையும் அது பிடிக்கும், இணைப்பின் தரத்தையும் சதவீதமாகக் கூடவே சொல்லும். ஆனால் இந்தப் புராஜெக்ட்டுக்கு அது தேவைப்படவில்லை. தோப்பின் நடுவே மோட்டார் ரூம் இருக்கிறது. தோப்புக்காரரிடம் கேட்டு அதன் மொட்டை மாடியில் ஏறி நின்று ஓட்டினார்கள். தெற்கு மூலைக்குத் தூரமும் பாதியானது, கோடும் கடைசிவரை நடுங்கிக்கொண்டே இருந்தது.